முதலில் நிற்கட்டும், பிறகு பறக்கட்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. இங்கே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண்ணைச் சொன்னால் மேனுவல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1994 மாடல் ஹோண்டா சிபிஆர்600எஃப்2 வாங்கியிருக்கிறேன். எட்டு வருடமாக ஓடாமல் நின்ற வண்டி. ஃபிரேம் வரை பிரித்து பெயின்ட் அடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்கிறார் நண்பர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயின்ட் கடைசி வேலை. ஓடுமா ஓடாதா என்றே தெரியாத வண்டியை ஃபிரேம் வரை பிரித்தால், ஆறு மாதத்தில் அது பத்து அட்டைப்பெட்டியாகிவிடும். எந்த போல்ட் எங்கே என்பது மறந்துபோகும், ஆர்வமும் வடிந்துவிடும். வண்டி முழுசாக நிற்கும்போதே கண்டுபிடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் இன்ஜின் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் முனையில் இருக்கும் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருந்தால் முரண்டு பிடிக்கும். பலத்தைக் காட்டாமல் இன்னொரு நாள் ஊறவிடுங்கள். சுலபமாகச் சுற்றினால், இக்னிஷன் காயிலுக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளக் துளைகள்மேல் துணியைப் போட்டு, ஸ்டார்ட்டரால் சில விநாடி சுற்றி உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே தள்ளுங்கள். அந்த ஆயில் உள்ளே இருக்கும்போது கம்ப்ரெஷன் அளந்தால் இல்லாத பலம் இருப்பதாகக் காட்டும்.

அடுத்தது கம்ப்ரெஷன். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், எல்லா பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜினில் சதுர சென்டிமீட்டருக்குப் பெரும்பாலும் 10 முதல் 13 கிலோ வரை காட்டும். அந்த எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால், அதற்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எட்டு வருடம் நின்ற வண்டியில் வால்வு விளிம்பில் லேசாகத் துரு இருக்கலாம், ரிங்கும் கசடில் ஒட்டியிருக்கலாம். அதனால் முதல் அளவை வைத்து இன்ஜினைப் பிரிக்க முடிவெடுக்காதீர்கள். ஓடவைத்து, சூடாக இருக்கும்போது திரும்ப அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

அதன்பிறகு பிரேக், டயர், பேரிங், பிறகு பெட்ரோல் வரும் வழி, பிறகு சார்ஜிங். இவையெல்லாம் ஒழுங்கானபிறகுதான் மேம்படுத்தும் பேச்சே. டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்ற குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3512 என்றால் 2012-ம் வருடம் 35-வது வாரம் செய்தது. அதில் மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்திய டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள்.

ஒரு சின்ன வழக்கம் பெரிய செலவைத் தவிர்க்கும். இன்ஜின் மூடிகளைக் கழற்றும்போது, அட்டையில் அந்த மூடியின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருந்த இடங்களில் துளை போட்டு, அந்தந்த போல்ட்டை அந்தந்த துளையில் செருகிவையுங்கள். ஒரே மூடியில் இரண்டு மூன்று நீளங்களில் போல்ட் இருக்கும். நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் அடியில் முட்டிக்கொண்டு அலுமினிய மரையைப் பிடுங்கும், அல்லது கேஸிங்கையே வெடிக்கவைக்கும்.

கேள்வி: கார்புரேட்டர் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் எல்லாம் தலை வழுவிப்போகின்றன. திருப்புளி புதுசுதான்.

பதில்: திருப்புளி புதுசு, ஆனால் ரகம் வேறு. பழைய ஜப்பானிய வண்டிகளில் இருப்பது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை ஸ்க்ரூ. பார்க்க பிலிப்ஸ் போலவே இருக்கும், தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். பிலிப்ஸ் முனை அதன் அடிவரை இறங்காமல் மேலேயே தொத்திக்கொண்டு நிற்கும், திருப்பியதும் எகிறும். ஜேஐஎஸ் திருப்புளி 2-ம் எண்ணும் 3-ம் எண்ணும் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே வழுவியதற்கு, இந்தத் திருப்புளியை வைத்து அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். திரும்பப் போடும்போது ஆலன் தலை போல்ட்டாக மாற்றலாம். ஆனால் ஆலன் சாவியின் நீளம் கைக்கு அதிக பலம் தரும், மென்மையான உலோகத்தில் மரை போய்விடும். இரண்டு விரலால் இறுக்கினாலே போதும்.

கேள்வி: 600 சிசி, நான்கு கார்புரேட்டர். சோக் இழுத்துவைத்தால்தான் ஐடிலிங் நிற்கிறது. சோக்கை உள்ளே தள்ளினால் அணைந்துவிடுகிறது. கிண்ணங்களைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுத் தனித்தனி ஃபில்டர் போட்டால் சரியாகுமா?

பதில்: பின்கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். உங்கள் கார்புரேட்டரில் ஸ்லைடை மேலே தூக்குவது கேபிள் இல்லை, டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வின் இரு பக்கமும் உள்ள காற்றழுத்த வேறுபாடு. அந்த வேறுபாடு ஒழுங்காக இருக்க ஏர் பாக்ஸ் தரும் அமைதியான காற்று வேண்டும். தனி ஃபில்டர் போட்டால் முழு வேகத்தில் ஓரளவு சரிசெய்துவிடலாம், நடு வேகத்தில் ஏற்படும் இடறல் மாதக்கணக்கில் ஜெட் மாற்றினாலும் போகாது.

சோக் என்பது கூடுதல் பெட்ரோல். அது இருந்தால்தான் ஓடுகிறது என்றால், ஐடிலிங்குக்கு வர வேண்டிய பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது. கிண்ணத்தைத் துடைத்தால் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்கு பெட்ரோல் விடும் சிறு துளைத் திருகு) சுத்தமாகாது. 40 எண் ஜெட்டின் துளை சுமார் 0.4 மி.மீ. மட்டுமே. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டமான, கூர்மையான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். மங்கலாகவோ அரை வட்டமாகவோ தெரிந்தால் உள்ளே வார்னிஷ் போல உறைந்த பழைய பெட்ரோல் இருக்கிறது. எஃகுக் கம்பியை விடாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஒரு இரவு ஊறவிட்டு, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் துழாவி, காற்றடியுங்கள். ஜெட் உட்காரும் துளைக்கு அப்பால் கார்புரேட்டர் உடம்புக்குள் போகும் வழியும் திறந்திருக்க வேண்டும். கிளீனரை அந்த வழியில் அடித்தால், பட்டர்ஃபிளை விளிம்புக்கு அருகில் இருக்கும் மிகச் சிறிய துளைகள் வழியாக அது பீய்ச்சிக்கொண்டு வர வேண்டும். அது வராதவரை வேலை முடியவில்லை.

ஐடிலிங்கின் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது மெல்ல அடியில் உட்காரும்வரை உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு, இரண்டரை இருக்கும். அதன் முனையில் ஸ்பிரிங், பிறகு குட்டி வாஷர், பிறகு ஓ-ரிங் என்ற வரிசை. ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கவனிக்காமல் புதியதையும் போட்டு இரண்டாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டயஃப்ரங்களை விளக்கின்முன் விரித்து ஊசித்துளை பாருங்கள். இன்ஜினோடு கார்புரேட்டரை இணைக்கும் ரப்பர்களைக் கையால் வளைத்து வெடிப்புப் பாருங்கள், கல்போல் இறுகியிருந்தால் நான்கையும் மாற்றுங்கள்.

எல்லாம் பொருத்தியபின் நான்கு வெற்றிட மீட்டர்களை மாட்டி ஒத்திசைக்க வேண்டும். நான்குக்கும் இடையே வேறுபாடு 20 மி.மீ. பாதரசத்துக்குள் வந்தால் நல்லது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், ரேடியேட்டர்முன் ஒரு மின்விசிறி ஓட வேண்டும். மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது, புகை உயிரைக் குடிக்கும்.

கேள்வி: முன் பிரேக்கை முழுக்கப் பிரித்து காலிப்பர் சீல் மாற்றினேன். ஆனால் ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் பிரேக் தானாகப் பிடிக்கிறது, டிஸ்க் சுடுகிறது. அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் விட்டுவிடுகிறது. மறுபடி காலிப்பரைத்தான் பிரிக்க வேண்டுமா?

பதில்: காலிப்பரை விடுங்கள், ஹேண்டிலில் லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் அதையே காட்டுகிறது.

ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று குண்டூசி முனையளவு, சில வண்டிகளில் அதன்மேல் ஒரு சிறு தகடும் மூடியிருக்கும். லீவரை விட்ட நிலையில், காலிப்பர் பக்கத்து ஆயிலுக்கும் கிண்ணத்துக்கும் தொடர்பு அந்தச் சின்னத் துளை மட்டுமே. ஓட்டும்போது ஆயில் சூடாகி விரியும், விரிந்தது இந்தத் துளை வழியாகக் கிண்ணத்துக்குத் திரும்பும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய ஆயில் கூழாகி இதை அடைத்துவிடும். விரிந்த ஆயிலுக்குப் போக இடமில்லாமல் பேடை அழுத்தும், பேட் உரசி இன்னும் சூடாகும், இன்னும் விரியும். ஆறினால் சுருங்கி விட்டுவிடும்.

லீவரை மிக மெதுவாக அழுத்தத் தொடங்கிப் பாருங்கள். முதல் ஓரிரு மில்லிமீட்டரில் அந்தத் துளையிலிருந்து ஆயில் குட்டி ஊற்றாகக் குமிழ வேண்டும். குமிழாவிட்டால் அடைப்பு. துளை திறந்திருந்தும் குமிழவில்லை என்றால், லீவர் பிஸ்டனை முழுசாகப் பின்னுக்கு வரவிடவில்லை. வேறு வண்டியின் லீவரையோ மலிவான மாற்று லீவரையோ போட்டிருந்தால் அப்படி ஆகும். லீவர் பிஸ்டனைத் தொடும்முன் நூல் அளவாவது தளர்வு இருக்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய ஒரு நல்ல வழி உண்டு. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரத்தைத் தூக்கி, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் பேஞ்சோ போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர். விடாவிட்டால் அதை இறுக்கிவிட்டு காலிப்பரின் பிளீட் நிப்பிளைத் திறங்கள். அதில் விட்டால் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்கிறது. அதிலும் விடாவிட்டால்தான் காலிப்பர் பிஸ்டன். தளர்த்துமுன் துணி சுற்றுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

துளையைச் செம்பு இழையால் திறந்துவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். அங்கே கூழ் இருந்தால் உள்ளே கப் ரப்பரிலும் இருக்கும். ரிப்பேர் கிட் வாங்கி முழுசாக மாற்றுங்கள், கையோடு ரப்பர் ஹோஸ்களுக்குப் பதில் எஃகு வலை போட்ட ஹோஸ் மாட்டுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கில் செய்யும் மேம்பாடுகளில் செலவுக்குக் கிடைக்கும் பலன் இதில்தான் அதிகம். ஆயில் டிஓடி 4 போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் இழுத்தபின் 155 வரை இறங்கலாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டிஓடி 5 என்பது சிலிக்கான், இதோடு கலக்கக் கூடாது. 5.1 வேறு, அது கலக்கும்.

காலிப்பர் சீல் மாற்றியபோது, சீல் உட்காரும் பள்ளத்தின் அடியைச் சுரண்டினீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். அங்கே அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அதன்மேலேயே புது சீலை வைத்தால் சீல் பிதுங்கி பிஸ்டனை இறுக்கும்.

கேள்வி: வால்வு கிளியரன்ஸ் பார்த்தேன். ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் 0.12 மி.மீ. இருக்கிறது. மேனுவல் 0.20 முதல் 0.30 என்கிறது. சத்தமே இல்லாமல் அமைதியாகத்தான் ஓடுகிறது. அப்படியே விடலாமா? ஷிம் கணக்கு எப்படி?

பதில்: சத்தம் இல்லாததுதான் கவலை. வால்வின் தலைமேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட்டுக்கு அடியில் ஷிம் என்ற சிறு தகடு இருக்கும் இன்ஜினில், வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய வால்வு மேலேறி வரும், இடைவெளி குறையும். இடைவெளி தீர்ந்துபோனால் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கையின் வழியாகத்தான் இறக்குகிறது. அது தொடாவிட்டால் விளிம்பு எரிந்துபோகும்.

கணக்கு எளிது. பழைய ஷிம்மோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். பழைய ஷிம் 2.60 என்றால், 2.60 + 0.12 − 0.25 = 2.47. ஷிம்கள் 0.025 மி.மீ. படியில் கிடைத்தால் 2.475 போடுங்கள், இடைவெளி 0.245 வரும். 0.05 படிதான் கிடைக்கும் என்றால் 2.45 போடுங்கள், 0.27 வரும். போகப்போகக் குறையும் என்பதால் அளவின் மேல்பக்கம் நிற்பதே நல்லது. ஷிம்மின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளங்கள், தேய்ந்திருக்கலாம்.

இன்ஜின் இரவு முழுதும் ஆறியபின்தான் அளக்க வேண்டும். ஃபீலர் தகடு சரியான அளவில் இருந்தால் வெண்ணெய்த் தாளை இரு விரலுக்கு இடையிலிருந்து உருவுவது போன்ற இழுவை இருக்கும். அடுத்த தடிமன் நுழையவே கூடாது. அது நுழைந்தால் முதல் அளவு தவறு.

கேம்ஷாஃப்ட்டைத் தூக்கும்போது செயின் டென்ஷனரை முதலில் கழற்றுங்கள். கேம் மூடி போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தமே மூடியை உடைத்துவிடும். அந்த மூடிகள் ஹெட்டோடு சேர்த்துத் துளையிடப்பட்டவை, தனியாக வாங்கி மாட்ட முடியாது. பொருத்தி முடித்ததும் டென்ஷனர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் நேராக வருவதைப் பாருங்கள். எங்காவது முட்டினால் வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. அங்கேயே நிறுத்திவிட்டுக் குறிகளை மறுபடி பாருங்கள்.

கேள்வி: 1986 சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750. முன் ஃபோர்க்கை எடுத்துவிட்டு, புதிய சூப்பர் ஸ்போர்ட்ஸ் வண்டியின் தலைகீழ் (தடித்த குழாய் மேலே இருக்கும்) ஃபோர்க்கை அப்படியே சக்கரம், காலிப்பரோடு மாட்ட ஆசை. என்னென்ன தேவை?

பதில்: செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் பார்க்க அழகாக இருக்கும் பல மாற்றங்கள் ஓட்ட மோசமாக இருப்பதற்குக் காரணம், வாங்கும்முன் அளக்காததுதான்.

உங்கள் வண்டியில் இருப்பது 18 அங்குலச் சக்கரம். முன்னால் 110/80-18 டயரின் ஆரம் சுமார் 316 மி.மீ. புதிய ஃபோர்க்கோடு வரும் 120/70-17 டயரின் ஆரம் சுமார் 300. அதிலேயே முன்பக்கம் 16 மி.மீ. இறங்கிவிட்டது. புதிய ஃபோர்க் நீளத்திலும் குட்டையாக இருக்கும். மொத்தம் 20 மி.மீ. இறங்கினால், 1400 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டியில் ஸ்டியரிங் கோணம் ஏறக்குறைய 0.8 டிகிரி செங்குத்தாகும், டிரெயில் (ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்) அந்தக் கோணத்தால் மட்டுமே சுமார் 5 மி.மீ. குறையும், சின்னச் சக்கரம் அதை இன்னும் குறைக்கும். கேட்கச் சின்ன எண், நேர் சாலையில் வேகம் எடுத்தால் ஹேண்டில் நடுங்குவதில் தெரியும். பின்பக்கமும் 17 அங்குலத்துக்கு மாற்றினால் கொஞ்சம் சமன்படும், ஆனால் வண்டி முழுதும் தாழ்ந்து, வளைவில் சைலன்சரும் கால்தாங்கியும் தரையைத் தொடும். ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் டிரிபிள் கிளாம்பின் ஆஃப்செட்டையும் (ஸ்டியரிங் தண்டுக்கும் ஃபோர்க் குழாய்களுக்கும் உள்ள முன்பின் தூரம்) அளங்கள். அது குறைந்தால் டிரெயில் கூடும், ஓரளவு ஈடுகட்டும்.

ஸ்டியரிங் தண்டின் நீளமும் பேரிங் அளவுகளும் பொருந்தாது. பழைய தண்டைப் பிரஸ்ஸில் கழற்றிப் புதிய கிளாம்பில் அழுத்த வேண்டும், கடைசல் பட்டறை வேலை. தலைகீழ் ஃபோர்க்கின் மேல்குழாய் தடிமனானது, ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் டாங்கில் இடிக்கும். தடுப்புக்கட்டை வைக்க வேண்டும். ஸ்பிரிங் இல்லாமல் ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, டயர் ஆயில் கூலரையோ சைலன்சர் குழாயையோ ஃபேரிங்கையோ தொடுகிறதா என்று பார்த்தபிறகுதான் ஓட்ட வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும் ஜோடி. 14 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 15.9 போட்டால், அதே பிரேக்குக்கு விரல் ஏறக்குறைய 29 சதவீதம் அதிகம் அழுத்த வேண்டும். லீவர் கட்டைபோல் இருக்கும், அதை நல்ல பிரேக் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் கருத்து இது. முதலில் இருக்கும் ஃபோர்க்கை ஒழுங்காக்குங்கள். சீல், புஷ் மாற்றி, உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, புதிய 10டபிள்யூ ஆயில் ஊற்றுங்கள். ஆயில் மட்டத்தை ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுக்க அமுக்கிய நிலையில், மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். இரு காலுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வேண்டாம். நீங்கள் உட்கார்ந்தால் முன்பக்கம் 30 முதல் 40 மி.மீ. இறங்கினால் சரியான ஸ்பிரிங். குரோம் குழாயில், சீல் ஏறி இறங்கும் பகுதியில் துருக்குழி இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் கசியும், குழாய்க்கு மறுபடி குரோம் பூச வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஓட்டிப் பார்த்தால், பலருக்குத் தலைகீழ் ஃபோர்க் ஆசையே போய்விடும்.

கேள்வி: சிபிஆர்600எஃப்2-க்குப் பின்னால் 180 (மி.மீ. அகல) டயர் போட்டால் பிடிமானம் கூடுமா?

பதில்: குறையும். அதன் பின் ரிம் 4.5 அங்குலம், 160-க்கானது. 180 டயர் 5.5 அங்குல ரிம்முக்குச் செய்தது. குறுகிய ரிம்மில் அதன் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பும். தரையைத் தொடும் பரப்பு குறையும், வண்டி சாயவும் மறுக்கும். புதிய கலவையில் நல்ல 160 போடுங்கள். வண்டி செய்த காலத்து டயரைவிட அது பல படி மேல்.

கேள்வி: புது பேட்டரி இரண்டு மாதத்தில் செத்துவிட்டது. ரெகுலேட்டரை மாற்றினேன், மறுபடி அதே கதை.

பதில்: அளக்காமல் பாகம் மாற்றினால் இப்படித்தான் ஆகும். முழு சார்ஜ் ஆன பேட்டரியில் மீட்டரை வைத்து, இன்ஜினை 5000 சுற்றில் ஓடவிடுங்கள். 13.5 முதல் 14.8 வோல்ட் வரை காட்டினால் சரி. 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை, 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை.

ஏறவில்லை என்றால், மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களின் கனெக்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். பிளாஸ்டிக் பழுத்து, முள் கருகியிருக்கும். அந்தத் துருவில் மின்தடை ஏறி, சூடாகி, புது ரெகுலேட்டரையும் கொன்றிருக்கும். இன்ஜின் நின்ற நிலையில் மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக ஓம் அளங்கள். 1 ஓமுக்குக் கீழே, மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எந்த வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு ஓடவிட்டு ஏசி வோல்ட் அளங்கள். 5000 சுற்றில் 50-க்கு மேல், மூன்று ஜோடியிலும் சமமாக வர வேண்டும். ஒன்று குறைந்தால் ஸ்டேட்டர் போயிற்று.

ஸ்டேட்டர் நல்லது என்றால், புதிய வண்டிகளில் வரும் மாஸ்ஃபெட் வகை ரெகுலேட்டரைக் காற்றுப்படும் இடத்தில் மாட்டுங்கள். அதன் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் தடித்த வயரில், ப்ளஸ்ஸில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, நேராக பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். முப்பது வருட வயரிங்கின் வழியாகச் சுற்றிப் போக வேண்டாம்.

இதே மீட்டரால் இக்னிஷன் காயிலின் ப்ளஸ் முனையையும் அளந்துவிடுங்கள். பேட்டரியைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், சாவியிலும் கில் ஸ்விட்சிலும் கரி. பழைய வயரை ஒரு ரிலேயை இயக்க மட்டும் வைத்துக்கொண்டு, காயிலுக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆவதிலேயே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: டாங்க் உள்ளே துரு. உள்பூச்சு அடித்துவிடலாமா?

பதில்: துருவை எடுக்காமல் பூச்சு அடித்தால் ஒன்றிரண்டு வருடத்தில் தோல்போல் உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கும். ஓட்டை இல்லாத டாங்குக்குப் பூச்சு தேவையே இல்லை. டேப்பையும் சென்சாரையும் கழற்றி அடைத்து, 10 லிட்டர் வெந்நீருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ சிட்ரிக் அமிலம் கலந்து விளிம்புவரை ஊற்றி, ஒரு நாள் வையுங்கள். பொருக்குத் துரு இருந்தால் அதற்குமுன் 20 நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். வெளியே எடுத்ததும் 20 இருக்கிறதா என்று எண்ணுங்கள். கரைசலைக் கொட்டியபின் சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனே உலர்த்தி, கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றுங்கள். ஈரத்தோடு அரை மணி நேரம் விட்டாலே ஆரஞ்சு நிறம் திரும்பிவிடும். பெட்ரோல் இருந்த டாங்கில் வெல்டிங்கோ கிரைண்டரோ காட்டாதீர்கள். காலி டாங்கின் ஆவிதான் வெடிக்கும்.

கேள்வி: 530 செயினை 520 ஆக்கி, முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைக்கச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

பதில்: இரண்டு செயினிலும் கண்ணிக்குக் கண்ணி தூரம் 15.875 மி.மீ. தான். உள் அகலம்தான் வேறு, 530-ல் 9.5, 520-ல் 6.35 மி.மீ. எனவே செயினும் இரண்டு பல்சக்கரங்களும் மூன்றுமே மாற வேண்டும். எடை குறையும், தேய்மானம் சற்றுக் கூடும். உங்கள் இன்ஜினின் சக்தியைத் தாங்கும் தரத்தில், ரிவெட் இணைப்போடு வாங்குங்கள்.

பல் குறைப்பதன் பலன் அதைவிட அதிகமாகத் தெரியும். 15/45 என்றால் விகிதம் 3.00. முன்னால் 14 ஆக்கினால் 3.21. பின்னால் மூன்று பல் கூட்டி 48 ஆக்கினாலும் 3.20, இரண்டும் ஒன்றே. ஆனால் சின்ன முன்சக்கரத்தில் செயின் இறுக்கமாக வளையும், ஸ்விங்ஆர்ம் ரப்பரையும் வேகமாகத் தின்னும். முடிந்தால் பின்னால் கூட்டுங்கள். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் மீட்டர் என்றால் இனி 7 சதவீதம் அதிகம் காட்டும்.

கேள்வி: இரண்டாவது கியர் வேகம் எடுக்கும்போது மட்டும் எகிறுகிறது. மல்டிகிரேடு கார் ஆயில் ஊற்றினால் குறையும் என்கிறார்களே?

பதில்: ஆயிலால் தீராது. கியர்களைக் கோக்கும் பற்களின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, பெரும்பாலும் அதோடு ஷிஃப்ட் ஃபோர்க்கும் வளைந்திருக்கும். கியர் லீவர் இணைப்பையும், கியரை அதன் இடத்தில் நிறுத்திப்பிடிக்கும் டிடென்ட் ஸ்பிரிங்கையும் முதலில் பார்த்துவிடுங்கள், வெளியிலிருந்தே முடியும். அவை நன்றாக இருந்தால் கிராங்க் கேஸைப் பிரிக்க வேண்டியதுதான். தேய்ந்த கியரையும் அதோடு கோக்கும் ஜோடிக் கியரையும் ஃபோர்க்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். அதுவரை இரண்டாவதில் முறுக்காதீர்கள்.

கார் ஆயில் வேண்டாம். அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்ச் தட்டுகளை வழுக்கவைக்கும். டப்பாவில் ஜாஸோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்றால் ஆயிலில் நனையாத கிளட்ச் உள்ள ஸ்கூட்டருக்கானது.

கேள்வி: எல்லாம் கோத்து முடித்துவிட்டேன். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பிளக்குகளைப் போடாமல், காயில் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து வேண்டாம், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகும். ஆயில் ஃபில்டரை மாட்டும்முன் பாதியாவது ஆயிலால் நிரப்பிவிட்டால் சீக்கிரம் அழுத்தம் வரும். ஸ்டார்ட் ஆனதும் நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறாத குழாய்க்குரிய சிலிண்டர் வேலை செய்யவில்லை.

ரிங் மாற்றியிருந்தால் நீண்ட நேரம் ஐடிலிங்கில் நிறுத்தாதீர்கள். சூடானதும் ஓட்டுங்கள், வேகத்தை ஏற்றி இறக்கி, நடுத்தரச் சுமையில். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் 100 கிலோமீட்டருக்குள் மாற்றி, வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் பசை சகஜம், துகள் கையில் நெருடினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். 50 கிலோமீட்டரில் ஆக்சில், காலிப்பர், ஹேண்டில் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.

வண்டியை நகர்த்தும்முன், லீவர் கெட்டியாகும்வரை முன் பிரேக்கை நாலைந்து முறை அழுத்துங்கள், பின் பிரேக்கையும் அப்படியே. பிஸ்டன்கள் உள்ளே தள்ளியிருக்கும், முதல் அழுத்தில் எதுவும் பிடிக்காது.